தோப்புக்குள் ஒன்பது கூடைகள்

எங்கள் இதயநோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்புகிறவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: ‘தினமும் 30 நிமிடம் நடக்கவும்.’ 15 ஆண்டுகளாக அந்த வரியை எழுதி வருகிறேன். எழுதுவதற்குச் சில விநாடிகள் போதும். அதன்படி நடப்பதற்கு ஒரு மனிதருக்கு என்னவெல்லாம் தேவைப்படுகிறது என்பதை, சென்ற ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் என் அண்ணன் வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரங்களில்தான் அருகிலிருந்து பார்த்தேன். இதை இந்த இதழில் எழுத அண்ணனும் அண்ணியும் இசைவு தந்தார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்பது அண்ணியின் நிபந்தனை.

அண்ணனுக்கு வயது 56. மென்பொருள் துறையில் பணி. செயின்ட் பால் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறார். ஜூலை மாத இறுதியில் ஒரு விடியற்காலையில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அண்ணி சற்றும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழைத்தார். மணிக்கட்டு இரத்தக்குழாய் வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து இரண்டு ஸ்டென்ட்டுகள் வைத்தார்கள். இதயத்தின் இறைக்கும் திறன் இயல்பைவிடச் சற்றே குறைந்திருந்தது; அவ்வளவுதான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே அண்ணன் சொன்னார். எனக்கு அனுப்பிய அறிக்கைகளும் அதையே சொல்லின.

நேரில் கண்டது வேறு. வாரத்தில் மூன்று நாள்கள் அவர் மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குச் செல்வார். மார்பில் இசிஜி ஒயர்களை ஒட்டிக்கொண்டு, செவிலியர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, டிரெட்மில்லில் அச்சமின்றி நடப்பார். அதே மனிதர் மற்ற நான்கு நாள்களும் சோபாவை விட்டு எழுவதில்லை. மாடிப்படி ஏறக் கூடாது என்று அண்ணி படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார். தண்ணீர்க் குவளைகூட அவர் கைக்கே வந்துவிடும். இரவில் அண்ணி இரண்டு மூன்று முறை விழித்து, அவருடைய மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீண்டும் படுப்பார். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அந்த விடியற்காலையில் அண்ணனின் முகத்தைப் பார்த்தவர் அவர். நான் பார்த்ததோ காகிதங்களை மட்டும்.

“ஏன் அண்ணா, வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமே?” என்று இரண்டாம் நாள் கேட்டேன்.

“எங்கே நடப்பது? தெருவில் இறங்கினால் ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சைக் கவனித்துக்கொண்டே போகிறேன். நாலு வீடு தாண்டுவதற்குள் துடிப்பு சரியாக இருக்கிறதா என்று கழுத்தில் கை வைத்துவிடுகிறேன். உடனே திரும்பிவிடுவேன். ஆஸ்பத்திரியில் ஒயர் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார். இங்கே யார் இருக்கிறார்கள்?”

“நான் இருக்கிறேனே.”

“நீ மூன்று வாரத்தில் விமானம் ஏறிவிடுவாய்.”

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. மாரடைப்புக்குப் பிந்தைய அச்சத்தைப் பற்றிக் கருத்தரங்குகளில் உரையாற்றியிருக்கிறேன். ஆனால் அந்த அச்சத்தோடு ஒரே கூரையின் கீழ் உறங்கி எழுந்தது அதுவே முதல் முறை.

அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓக் மரங்களும் மேப்பிள் மரங்களும் அடர்ந்த ஒரு சிறு தோப்பு உண்டு. பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலம். அதிகாலையில் தனியே நடக்கப் போனபோது உள்ளிருந்து சங்கிலி குலுங்குவது போன்ற ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், கையில் ரம்பத்துடன் ஒடிந்த கிளைகளை அறுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். நடுநடுவே ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு பிளாஸ்டிக் வட்டை எடுத்து எறிந்தார். அது மரங்களுக்கிடையே மிதந்து சென்று ஓர் இரும்புக் கூடைக்கு மேல் தொங்கிய சங்கிலிகளில் மோதி உள்ளே விழுந்தது. “ஆடிப் பார்க்கிறீர்களா?” என்று என்னிடமும் ஒன்றை நீட்டினார்.

டிஸ்க் கோல்ஃப் என்பது அந்த விளையாட்டின் பெயர். கோல்ஃப் விளையாட்டின் அதே கணக்குத்தான். ஆனால் பந்தும் மட்டையும் இல்லை. ஒரு வட்டை எறிந்து எறிந்து கூடையில் சேர்க்க வேண்டும். வட்டு எங்கே விழுந்ததோ அங்கிருந்தே அடுத்த எறி. மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். கூடைக்குக் கூடை செல்லும் ஒவ்வொரு பகுதிக்கும் ‘ஹோல்’ என்று பெயர். குழி எதுவும் கிடையாது என்றாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய மைதானங்களில் 18 ஹோல்கள் இருக்கும். இங்கே ஒன்பதுதான். நீளமானது 80 மீட்டரைத் தாண்டாது; குட்டையானது 45 மீட்டர் இருக்கலாம்.

பெரிய மைதானங்களில் எறிமேடை காங்கிரீட்டால் ஆனது. இங்கே மண்ணை இறுக்கிச் சுற்றிலும் பலகை அடித்து, மேலே பழைய ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார்கள். ஒரு சிற்றோடையைக் கடக்க நான்கைந்து பலகைகளை ஆணியடித்துச் சேர்த்த பாலம். நாலாவது கூடை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஏழாவதின் சங்கிலி துருவேறிச் செம்மண் நிறமாகியிருந்தது. நுழைவிடத்துப் பலகையில் யாரோ கையால் தீட்டிய வரைபடம் மழையில் பாதி கரைந்து கிடந்தது. அதன் கீழே மூடியுள்ள பெட்டி ஒன்றில் ஐந்தாறு பழைய வட்டுகள். வேண்டியவர் எடுத்து ஆடிவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். கட்டணமும் இல்லை, காவலரும் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் இத்தகைய இடத்தைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்று பெரியவர் சிரித்தார். “அதனால்தான் எனக்குப் பிடிக்கும், பின்னால் நின்று யாரும் அவசரப்படுத்துவதில்லை” என்றார்.

அன்று மாலை அண்ணனை அழைத்துப் போனேன். ‘நடக்க’ என்று சொல்லவில்லை. ‘ஒரு வேடிக்கையைக் காட்டுகிறேன், வாருங்கள்’ என்றுதான் சொன்னேன். மருத்துவர்களுக்கு இந்தச் சிறு வஞ்சகம் பழக்கமானது. மாரடைப்பு ஏற்பட்டு ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. பயிற்சிக்கு முன்பு எடுத்த உடற்பயிற்சிச் சோதனையில் கோளாறு எதுவும் இல்லை. ஆகவே அந்த அளவு உழைப்புக்கு அவருடைய இதயம் ஆயத்தமாகவே இருந்தது. ஆயத்தமாகாதது அவருடைய மனம்.

முதல் எறி பத்து மீட்டர்கூடப் போகவில்லை. வட்டு செங்குத்தாகச் சாய்ந்து தரையில் உருண்டு புதருக்குள் புகுந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போலத் திரும்பி நின்று, வலக்கையை இடத்தோள் பக்கம் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டி இன்னொரு வட்டை எறிந்தார். அது தரைக்கு மேலே மட்டமாகப் பறந்தது. “இது வளையப்பந்துடா தம்பி!” என்றார். பள்ளி நாள்களில் அவர் வளையப்பந்து அணியில் இருந்தவர். ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் புறங்கையால் சுண்டி விடும் அதே அசைவுதான் இதிலும். வட்டு தன்னைத்தானே சுழல்வதால் மட்டமாக நிற்கிறது. வேகம் தளரும்போது, வலக்கையால் இப்படி எறிந்தது, இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். அந்தச் சாய்வை முன்கூட்டியே கணக்கிட்டு மரத்துக்கு வலப்புறமாக எறிய வேண்டும். பொறியாளரான அண்ணனுக்கு இது போதுமானதாக இருந்தது. மூன்றாவது ஹோல் முடிவதற்குள் கோணம், காற்று என்று எனக்கே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். கழுத்தில் கை வைத்து நாடி பார்த்ததை நான் ஒரே ஒரு முறைதான் கண்டேன்.

பெரியவர் கூட வந்தார். இந்த விளையாட்டின் வரலாற்றையும் அவர்தான் சொன்னார். எட் ஹெட்ரிக் என்பவர் ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றியவர். 1975 இல் கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதலாவது நிரந்தர மைதானத்தை அமைத்தார். அதற்கு முன்பெல்லாம் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் இலக்காக வைத்து ஆடினார்கள். வட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற சச்சரவு ஓயவில்லை. சங்கிலி தொங்கும் கூடையை ஹெட்ரிக் உருவாக்கி 1977 இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்தச் சச்சரவு தீர்ந்தது. 2002 இல் அவர் மறைந்தபோது, அவருடைய விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து நினைவு வட்டுகள் வார்த்தார்கள்.

இதைக் கேட்டு அண்ணன் நின்றுவிட்டார். நான் பேச்சை மாற்ற முயன்றேன். அவரோ, “அப்படியென்றால் அந்த மனுஷன் இன்னமும் ஏதாவது கூரை மேல் மாட்டிக்கொண்டு கிடப்பார்” என்று சொல்லிச் சிரித்தார். மாரடைப்புக்குப் பிறகு இறப்பு என்ற பேச்சைச் சிரிப்போடு அவர் எடுத்தது அதுவே முதல் முறை என்று பின்னர் அண்ணி சொன்னார்.

நோயிலிருந்து மீள்கிறவருக்கு இந்த விளையாட்டு ஏன் ஒத்துப்போகிறது என்று மருத்துவக் கண்ணோடு பார்த்தேன். எறிந்த பிறகு வட்டு கிடக்கும் இடம் வரை நடை. பிறகு நிற்றல். கூடைக்கு அதிகத் தொலைவில் இருப்பவர் முதலில் எறிய வேண்டும் என்பது முறை. ஆகவே மற்றவர் எறியும் வரை காத்திருப்பு. பிறகு ஒரே ஓர் எறி, மீண்டும் நடை. இதயத்துக்கு வேலை கொடுத்து, ஓய்வு கொடுத்து, மறுபடி வேலை கொடுக்கும் இந்த ஒழுங்கை எங்கள் பயிற்சிக்கூடங்களில் நாங்கள் கடிகாரம் வைத்துச் செய்விக்கிறோம். அங்கே அதை விளையாட்டின் விதியே செய்துவிடுகிறது. ஒன்பது கூடைகளும் வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே வந்து முடிகின்றன. எந்தக் கூடையில் நின்றாலும் சில நிமிட நடையில் தெருவுக்கு வந்துவிடலாம். திரும்பிவர முடியாத தொலைவுக்குப் போய்விட்டோம் என்ற கலக்கத்துக்கு இடமில்லை. சிறிய மைதானத்தின் பெருமை அது. எவ்வளவு நடந்தோம் என்று ஐந்தாம் நாள் அண்ணனுடைய கைபேசியில் பார்த்தபோது, புதருக்குள் வட்டைத் தேடி அலைந்ததையும் சேர்த்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அவர் நம்பவில்லை. கைபேசியில்தான் கோளாறு என்றார்.

ஆறாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் தவறு என்னுடையது.

ஐந்தாவது ஹோல் சற்று மேட்டில் ஏறும். அன்று அண்ணன் என்னைவிட இரண்டு எறி முந்தியிருந்தார். சிறு வயதில் எந்த விளையாட்டிலும் நான் அவரை வென்றதில்லை. 47 வயதில், அதுவும் நோயிலிருந்து எழுந்துவந்த அண்ணனிடம் தோற்பதா என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்க வேண்டும். ஓடிவந்து வீசி எறிந்தேன். நன்றாகவே போனது. “இப்போது பார்” என்று அண்ணனும் நாலடி ஓடிவந்து முழு பலத்தோடு வீசினார். தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. மேட்டில் ஏறிக் கூடையை அடைந்ததும் வலது மார்பின் மேல்பகுதியில் கை வைத்துக்கொண்டு, “தம்பி, இங்கே வலிக்கிறது” என்றார்.

நெஞ்சுவலி வந்தால் நாவடியில் வைக்க வேண்டிய நைட்ரேட் மாத்திரை எங்கே என்று கேட்டேன். சமையலறை இழுப்பறையில் இருந்தது. ‘மாத்திரையில்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்’ என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குச் சொன்ன நான், அதை எடுத்துவர மறந்திருந்தேன்.

ஒரு மரக்கட்டையில் அவரை உட்கார வைத்தேன். வியர்வை இல்லை. மூச்சுத் திணறல் இல்லை. கையை அசைத்தால் வலி கூடியது, அழுத்தினாலும் கூடியது. தசைவலிதான் என்று என் அறிவு சொன்னது. ஆனால் ஏழெட்டு வாரங்களுக்கு முன் மாரடைப்பு கண்ட ஒருவருக்குப் புதிதாக நெஞ்சில் வலி வந்தால், தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை. தம்பிக்கு அறவே இல்லை. வலி நீடிக்கவே 911 ஐ அழைத்தேன். ‘எந்த முகவரி?’ என்று கேட்டார்கள். தோப்புக்கு ஏது முகவரி? அந்தத் தெருவின் பெயரும் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பெரியவர்தான் கைபேசியை வாங்கித் தெருச் சந்திப்பின் பெயரைச் சொல்லிவிட்டு, வலிக்கும் முழங்காலோடு சாலைக்கு விரைந்து போய்க் கையசைத்து ஆம்புலன்ஸ்காரர்களை உள்ளே அழைத்துவந்தார்.

மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள். இதயத்தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் டிரோபோனின் அளவைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள். மாற்றம் எதுவும் இல்லை. மார்புத் தசை இழுத்துக்கொண்டதுதான் என்று இரவு வீட்டுக்கு அனுப்பினார்கள். காரில் வரும்போது யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் அண்ணி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, உங்களை நம்பித்தான் அனுப்பினேன்.”

அடுத்த நான்கு நாள்கள் அண்ணன் மறுபடி சோபாவில் அமர்ந்தார். படுக்கை கீழ்த்தளத்திலேயே இருந்தது. நான் எடுத்துச் சொன்ன விளக்கங்கள் எதுவும் அந்த வீட்டில் எடுபடவில்லை, எடுபடவும் நியாயமில்லை. மறுவாழ்வுப் பயிற்சிக்குச் சென்ற அன்று, அங்கிருந்த செவிலியர் நடந்ததைக் கேட்டுவிட்டு அண்ணியிடம் ஒரு கேள்வி கேட்டாராம்: “நீங்கள் ஏன் கூடப் போகவில்லை?” சமையல் இருக்கிறது, துணி இருக்கிறது என்று அண்ணி சொல்லியிருக்கிறார். அந்த மறுமொழி அவருக்கே திருப்தியாக இல்லை போலும். ஐந்தாம் நாள் மாலை காலணியை மாட்டிக்கொண்டு, “வாருங்கள், அந்த இடத்தைப் பார்க்கிறேன்” என்றார். நைட்ரேட் மாத்திரையின் பழுப்புப் புட்டி, தண்ணீர், தெருச் சந்திப்பின் பெயரை எழுதிய சீட்டு எல்லாம் அவருடைய தோள்பையில் இருந்தன.

முதல் இரண்டு கூடைகளுக்கு அவர் பார்வையாளராகவே வந்தார். பார்த்தது வட்டை அல்ல, அண்ணனின் முகத்தை. மூன்றாவது கூடைக்கு அருகில் பெரியவர் அவர் கையிலும் ஒரு வட்டைக் கொடுத்தார். ஆறேழு மீட்டர் தொலைவு. அண்ணி சேலை மடிப்பைச் சரிசெய்கிறவரைப் போல நிதானமாக நின்று, மெல்லத் தள்ளிவிட்டார். சங்கிலி ஒலித்தது. தற்செயல் என்று நினைத்தோம். நாலாவதிலும் ஐந்தாவதிலும் அதுவே நடந்தது. தொலைவுக்கு எறிய அவரால் இயலவில்லை. கூடைக்கு அருகில் வந்துவிட்டால் தப்புவதே இல்லை. “முப்பது வருஷமாகக் குப்பைக்கூடையில் இவர் தவறவிட்ட காகிதங்களை எடுத்துப் போட்ட கைதானே இது” என்றார்.

பேசினால் மூச்சு முட்டக் கூடாது, பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். அதுதான் மிதமான உழைப்பின் அளவு என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் உட்கொள்ளும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை நாடித்துடிப்பை உயரவிடாது. ஆகவே அவருடைய நாடியை எண்ணிக்கொண்டிருப்பதால் பயனில்லை. பேச்சைக் கவனித்தால் போதும். “உங்கள் அண்ணனால் எப்போதுமே பாட முடியாது, தம்பி. வேறு அளவு சொல்லுங்கள்” என்றார். பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு எளியது. தொலைவு எறி அண்ணனுடையது, ஓடிவந்து எறிவது கிடையாது. கூடைக்கு அருகிலான எறி அண்ணியுடையது. இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. அவர்களை நான் ஒரு முறைகூட வெல்லவில்லை.

வாசகர்களில் சிலருக்கு இந்நேரம் சில ஐயங்கள் எழுந்திருக்கும். மார்பெலும்பைத் திறந்து பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள், எலும்பு கூடும் வரை, வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள், கையை வீசும் எந்த விளையாட்டையும் தொடக் கூடாது. அறுவை மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் அந்தப் பக்கத் தோளை முதல் சில வாரங்களுக்கு உயர்த்தவோ வீசவோ கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் உட்கொள்ளும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளால் சிறு கீறலிலும் இரத்தம் எளிதில் நிற்காது. முள்ளும் புதரும் உள்ள இடத்தில் முழுக்கால் சட்டை வேண்டும், வட்டு பறந்து வரும் திசையில் நிற்கக் கூடாது. மின்னசோட்டாத் தோப்புகளில் மான் உண்ணிகள் உண்டு. அவை கடித்தால் லைம் நோய் வரலாம். ஆகவே வீடு திரும்பியதும் அண்ணி இருவருடைய கால்களையும் சோதித்துவிடுவார். மூவிலைக் கொத்தாகப் படர்ந்திருக்கும் பாய்சன் ஐவி செடியையும் தொடக் கூடாது. தொட்டால் பல நாள்கள் அரிப்பு. நான் தொட்டேன்.

இன்னொன்று. வட்டை விடும் கணத்தில் மூச்சை அடக்கிக்கொள்வது பலருக்கு இயல்பு. அது இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். எறியும்போது மூச்சை வெளியே விட வேண்டும். பளுவான வாளியைத் தூக்கும்போதும், மலச்சிக்கலின்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நம் ஊரில் இந்த விளையாட்டுக்கு இடம் தேடி அலைய வேண்டும் என்று எழுதவில்லை. அண்ணனுக்கு அவருடைய தெருவிலிருந்து எட்டும் தொலைவில் அந்தத் தோப்பு இருந்தது; அவ்வளவே. ஊர் திரும்பிய பிறகு என் புறநோயாளிப் பிரிவில் ‘நடக்கிறீர்களா?’ என்ற கேள்வியோடு, ‘எங்கே நடக்கிறீர்கள், யாரோடு?’ என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ஒருவர் பேரனைப் பள்ளியில் விட்டுவர ஒரு தெரு சுற்றிப் போகிறார். ஓர் அம்மா நாலாவது தெருவில் இருக்கும் தங்கை வீட்டு மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தினமும் போகிறார். செடி வாடினால் தங்கை திட்டுவாளாம். ஒருவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “போவதற்கு எனக்கு ஓர் இடமும் இல்லையே டாக்டர்” என்றார். அவருடைய சீட்டில் அன்று வழக்கமான வரியை என்னால் எழுத முடியவில்லை. அவர் மனைவியையும் உட்கார வைத்து மூவருமாகப் பேசினோம். வெளியே காத்திருந்தவர்கள் என்மீது கோபப்பட்டதும் நியாயம்தான்.

நான் விமானம் ஏறிய நாளில் மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. இலை உதிர் காலத்தில் சிவப்பு வட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று பெரியவர் தன் பெட்டியிலிருந்து ஒரு நீல வட்டை அண்ணனுக்குக் கொடுத்தார். படுக்கையை மாடிக்கு மாற்ற நானும் அண்ணனும் கட்டிலின் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். “நீங்கள் தொடக் கூடாது” என்று அண்ணி அவரை விலக்கிவிட்டு மறுமுனையைத் தாமே தூக்கினார். அந்த அளவுக்குத்தான் மாற்றம்.

ஜனவரியில் அண்ணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தோப்பு முழுதும் பனி மூடியிருந்த படம். பனிக்குள் புதைந்தாலும் கண்ணுக்குப் படுவதற்காக வட்டின் அடியில் நீண்ட ரிப்பன் ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு கேள்வி: ‘இன்று மைனஸ் 12 டிகிரி. ஆடலாமா, தம்பி?’

உறைகுளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கும், இதயத்தின் சுமை கூடும், நெஞ்சுவலி வரக்கூடும், வெயில் ஏறி வெப்பம் கூடும் நாள் வரை வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும் என்று நீளமாக ஒரு மறுமொழி எழுதி அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது.

‘நான் கேட்டது எனக்கு. உங்கள் அண்ணன் காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணக்கு எழுத ஓர் ஆள் வேண்டுமல்லவா?’